சல்லி

கிறவல் பாதையில் பெல்ட் வண்டி ஓட்டுகிறவன்
முதலில் காதைப் பழக்க வேண்டும்.
செயின் என்றால் கத்திச் சொல்லிவிடும்.
பெல்ட் பேசாது.
கல்லை விழுங்கிக்கொண்டு இரண்டு மைல் சும்மா வரும்,
மூன்றாம் மைலில் ஒரு டிக்.
யாரோ பின்னால் இருந்து விரல் சொடுக்கியது போல.

நோர்வூட் பியதிலக பாஸ் அன்றைக்கே சொன்னார்,
"மஹத்தயா, இது காபட் ரோட்டு வண்டி.
தோட்டத்துக்குள்ள போறதுக்கு
நீங்க ஒரு கழுதை வாங்கியிருக்கலாம்."
வாங்கியாயிற்று. முப்பது வருஷத்து ஜப்பான் சாமான்.
அறுந்தால் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏற வேண்டும்,
கிடைத்தால் ஒரு மாதச் சம்பளம்,
கிடைக்காவிட்டால் கோழி அடைய ஒரு கூடு.

ஆகவே காவல் வைத்தேன்.
லொறி மட்காட் ரப்பரை வெட்டி
சில்லுக்கும் புல்லிக்கும் நடுவில் ஒரு திரை.
கீழ்ப்பக்கம் பெயின்ட் வாளியின் மூடி,
நான்கு போல்ட், கொஞ்சம் கட்டுக்கம்பி.
பெல்ட்டை ஒரு நூல் அளவு தளர்த்தினேன்,
அதற்கு மேல் தளர்த்தினால் பல் தாண்டும்.
எண்ணெய் மட்டும் காட்டுவதில்லை,
எண்ணெயைக் கண்டால் மண் உறவு கொண்டாடும்.
கொழுந்து லொறிக்குப் பின்னால் போவதில்லை.
இரண்டு தடத்துக்கும் நடுவில்
புல் முளைத்த முதுகு ஒன்று இருக்கிறது,
அதில்தான் ஏறுவேன்,
மழை நாளில் வழுக்கும் என்று தெரிந்தும்.

இந்தப் பாதை யாருடையது என்று
தோட்டத்துக்கும் பிரதேச சபைக்கும் இன்னும் முடிவாகவில்லை.
ஆளுக்கொரு லோட் சல்லி கொட்டிவிட்டுப் போனார்கள்.
பரப்ப யாரும் வரவில்லை.

என் வேலையைச் சொல்லவில்லையே.
கிழமைக் கடன்.
தோளில் கொம்பனிப் பை, பைக்குள் ரசீதுப் புத்தகம்.
செயின் வண்டிக்காரன் மேப்பிரிவுக்கு ஏறினால்
லயத்தில் பாதிக் கதவு பூட்டியிருக்கும்,
புள்ளகாம்பராவில் கூட
யாரும் இருக்க மாட்டார்கள்.
நான் போனால் திறந்திருக்கும்.
வசூலில் எப்போதும் நான்தான் முதல்.
அது என் பேச்சுத்திறமை என்று மனேஜர் நினைக்கிறார்.

அந்தப் புதன்கிழமை
பதினோராம் நம்பர் மலை வளைவில் டிக்.
நிறுத்தவில்லை. டிக், டிக்,
லயம் தெரியும் தூரத்தில் டிக் டிக் டிக்.
கதவுகள் சாத்துவதைக் கண்ணால் பார்த்தேன்,
வரிசையாக,
கூட்டிப்பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி.

பீலிக்கரையில் பவளராணி மட்டும் மாட்டிக்கொண்டாள்,
வாளி பாதி நிறைந்திருந்தது.
நான் குந்தி உட்கார்ந்து
ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன்.
"நோண்டாதீங்க, நார் பிரியும்.
ஸ்டோர்ல ரோலர் பக்கம் எட்டு வருஷம் நின்னவ நான்.
பின்னால தள்ளுங்க. முன்னால உருட்டினா
உள்ளுக்குத்தான் போகும்."
தள்ளினேன். ஒரு முழம், இன்னும் கொஞ்சம்.
விழுந்தது.
வெள்ளைக் கல், வடைப்பருப்பைவிடப் பெரிதில்லை.

அவள் அதை எடுத்து, பீலியில் கழுவி,
என் உள்ளங்கையில் வைத்தாள்.
"இந்தாங்க, இந்தக் கிழமை சல்லி."

சாத்திய கதவுகளுக்குப் பின்னால் இருந்து
லயம் முழுக்கச் சிரித்தது.
எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்று
அப்போதுதான் கணக்குத் தெரிந்தது.
பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து
மற்றச் சல்லியையும் தந்தாள், நூறு ரூபாய் குறைய.
எழுதிக் கொடுத்தேன்.
வேறு கதவு எதையும் தட்டவில்லை.

பெல்ட்டில் ஒரு பல் நசுங்கியிருக்கிறது.
விரலால் தடவினால் தெரியும்.
ஓடும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சொடுக்கும்.
பியதிலக பாஸ் கொழும்பில் சொல்லிவைத்து
ஒன்று எடுத்துத் தருகிறேன் என்கிறார்.
காசு இல்லை என்றேன்.
அது பாதி உண்மை.

புதன்கிழமைகளில் இப்போதும் ஏறுகிறேன்,
திரையும் வாளிமூடியும் அப்படியே,
கல் படாமல், புல் முதுகின் மேல்,
மெதுவாக,
டிக், டிக் என்று.